குத்தகைச் சட்ட மாற்றமும் சிறு நில உடைமையாளரும்

இரண்டு ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு குடும்பம். குடும்பத் தலைவருக்கு வயதாகிவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள். ஆள் வைத்துப் பயிர் செய்தால் கட்டுபடியாகவில்லை. பக்கத்து வயல்காரர் குத்தகைக்குக் கேட்கிறார். அவரிடம் உழவு இயந்திரமும் இருக்கிறது, வயலில் இறங்கி உழைக்க வீட்டில் ஆட்களும் இருக்கிறார்கள். ஆயினும் நிலம் தரிசாகவே கிடந்து கோரையும் சீமைக் கருவேலும் மண்டுகின்றன. "குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்பி வராது" என்ற அச்சமே இதற்குக் காரணம். இத்தகைய குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த அச்சத்தைப் போக்கும் நோக்கத்துடன் நிலக் குத்தகைச் சட்டங்களை மாற்றியமைக்கும் யோசனை 2016-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. நிதி ஆயோக் அமைப்பு இதற்கென ஒரு மாதிரிச் சட்டத்தையே தயாரித்து மாநிலங்களுக்கு அளித்தது. இது பற்றிக் கிராமங்களில் பலவிதமான பேச்சுகள் உலவுகின்றன. குத்தகைதாரரின் உரிமை அடியோடு போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதினால் போதும், நிலம் தானே கைக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இவற்றை நம்பிச் செயல்படுவோர் வீண் வழக்குக்கு ஆளாக நேரிடும். எனவே நடப்பில் உள்ள சட்டம் என்ன, முன்மொழியப்பட்டுள்ள மாற்றம் என்ன, இரண்டுக்கும் நடுவே சிறு நில உடைமையாளர் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

சட்டம் பிறந்த சூழ்நிலை

தமிழகத்தின் குத்தகைச் சட்டங்கள் தஞ்சைத் தரணியில் பிறந்தவை. அக்காலத்தில் நிலம் ஒருவரிடமும் உழைப்பு வேறொருவரிடமும் இருந்தன. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த மிராசுதாரர்களில் பலர் நகரங்களில் வசித்தனர். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நினைத்த நேரத்தில் வெளியேற்றப்படும் நிலை இருந்தது. இதைத் தடுக்க 1952-ஆம் ஆண்டில், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வாரச் சாகுபடியில் உழுதவருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்க அச்சட்டம் வழிசெய்தது.

அதைத் தொடர்ந்து 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டமும், 1969-இல் விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தன. முதலாவது சட்டம் உழுபவரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. இரண்டாவது குத்தகைக்கு உச்ச அளவு வைத்தது. மூன்றாவது குத்தகைதாரரின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வழிசெய்தது.

அன்றைய நிலைக்கு இவை இன்றியமையாத சட்டங்கள். ஆனால் பிறகு கிராமத்தின் நிலையே மாறிவிட்டது. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970-இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. பாகப்பிரிவினைகளும் சேர்ந்து நிலத்தைத் துண்டு துண்டாக்கின. 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு சாகுபடிக் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இன்று குத்தகைக்கு விடுபவரும் பெரும்பாலும் சிறு விவசாயியே. குத்தகைக்கு எடுப்பவரும் சிறு விவசாயியே. சில இடங்களில் விடுபவரைவிட எடுப்பவருக்கே வசதி அதிகம். பெரிய மிராசுதாரரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் இன்று ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விதவைப் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது. சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே அடிப்படை.

நடப்புச் சட்டம் சொல்வது என்ன?

பிறருடைய நிலத்தில் ஒப்பந்தப்படி தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திப் பயிர் செய்பவரே 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். வாரச் சாகுபடியும் இதில் அடங்கும். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் நிலத்தில் தொடர்பவரும் குத்தகைதாரரே. அவர் இறந்தால், உடலுழைப்புச் செலுத்தும் அவருடைய வாரிசுக்கும் அவ்வுரிமை உண்டு.

இத்தகைய குத்தகைதாரரை வெளியேற்ற நான்கு காரணங்களே ஏற்கப்படுகின்றன. குத்தகையைத் தவணை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாமை, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு விளைவித்தல், நிலத்தை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துதல், உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகியவையே அவை. இவற்றிலும் உடைமையாளர் தாமாக வரப்பில் நின்று வெளியேற்ற இயலாது. வருவாய் நீதிமன்றத்தில் மனு செய்து உத்தரவு பெற வேண்டும். குத்தகைப் பாக்கிக்காக மனு செய்தாலும், பாக்கியைச் செலுத்த நீதிமன்றம் அவகாசம் தரலாம். அதற்குள் செலுத்திவிட்டால் வெளியேற்றம் இல்லை. உடைமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால் குத்தகைதாரர் அதை நீதிமன்றத்தில் கட்டிவிடவும் வழி உண்டு.

"ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது" என்பது மேற்கண்ட நான்கு காரணங்களில் இல்லை என்பதை உடைமையாளர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எனவே பதினோரு மாதம் என்று எழுதிக்கொண்டாலும், ஓராண்டு என்று எழுதிக்கொண்டாலும், அந்தக் காகிதம் மட்டுமே நிலத்தை மீட்டுத் தராது. சொந்தச் சாகுபடிக்காக நிலத்தை மீட்க ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது சிறு உடைமையாளருக்கென நிபந்தனைகளுடன் அமைந்தது. அதிலும் குத்தகைதாரரிடம் உள்ள நிலத்தில் பாதிக்கு மேல் மீட்க இயலாது.

குத்தகை அளவைப் பொறுத்தவரை, இயல்பான மொத்த விளைச்சலில் 25 சதவீதமே நியாயக் குத்தகை. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 30 மூட்டை நெல் இயல்பான விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம். அதில் உடைமையாளரின் பங்கு ஏழரை மூட்டை. பத்து மூட்டை, பன்னிரண்டு மூட்டை என்று பேசி முடித்திருந்தாலும், குத்தகைதாரர் மனு செய்தால் நியாயக் குத்தகை நிர்ணயிக்கப்படும்.

பட்டா போய்விடுமா?

நிலம் திரும்பி வராது என்ற பேச்சில் இருவேறு அச்சங்கள் கலந்துள்ளன. நிலத்தின் சொத்துரிமையே போய்விடும் என்பது ஒன்று. நிலத்தின் அனுபவம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்பது மற்றொன்று.

முதலாவது அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. தமிழகச் சட்டத்தில் குத்தகைதாரர் எத்தனை ஆண்டு உழுதாலும் அதனாலேயே நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற பேச்சும் குத்தகைக்குப் பொருந்தாது. அது உடைமையாளரின் உரிமையை எதிர்த்து அனுபவிப்பவர் பற்றிய விதி. குத்தகைதாரரோ உடைமையாளரின் இசைவுடன் நிலத்தில் இறங்கியவர். குத்தகை நெல்லும் ரசீதும் கைமாறும் ஒவ்வோர் ஆண்டும் உடைமையாளரின் உரிமை மறுபடி உறுதியாகிறது. பட்டாவும் சொத்துப் பத்திரமும் உடைமையாளர் பெயரிலேயே இருக்கும். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் வந்தால் பட்டா மாறிவிடும் என்று எண்ணுவதும் தவறு.

இரண்டாவது அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. நிலம் யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கைக்குத் திரும்பும் நாள் உடைமையாளர் கையில் இல்லை. மகளின் திருமணத்துக்காக நிலத்தை விற்க நினைப்பவரும், ஓய்வு பெற்று ஊர் திரும்பிப் பயிர் செய்ய நினைப்பவரும் தடுமாறுவது இதனால்தான். முன்மொழியப்பட்டுள்ள மாற்றமும் சொத்துரிமையைப் பற்றியதன்று. இந்தத் திரும்பும் நாளைப் பற்றியதே.

முன்மொழியப்பட்ட மாற்றம்

வேளாண் பொருளியல் அறிஞரும் வேளாண் விளைபொருள் செலவு மற்றும் விலைகள் ஆணையத்தின் முன்னாள் தலைவருமான டி. ஹக் தலைமையில் நிதி ஆயோக் அமைத்த குழு, 2016-ஆம் ஆண்டில் மாதிரி விவசாய நிலக் குத்தகைச் சட்டத்தை அளித்தது. அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

1. குத்தகைக் காலம், குத்தகை அளவு, செலுத்தும் முறை ஆகியவற்றை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். உச்ச அளவு இல்லை.

2. பேசிய காலம் முடிந்ததும் நிலம் முழுவதும் உடைமையாளரிடம் திரும்பும். ஒரு பகுதியைக் குத்தகைதாரரிடம் விட்டுவைக்க வேண்டியதில்லை.

3. எத்தனை ஆண்டு உழுதாலும் குத்தகைதாரருக்கு நிலத்தில் நிரந்தர அனுபவ உரிமை ஏற்படாது.

4. பேசிய காலம் முடியும் வரை குத்தகைதாரர் இடையூறின்றிப் பயிர் செய்யலாம். நிலத்தை ஈடு வைக்காமல், வரப்போகும் விளைச்சலைக் காட்டி வங்கிக் கடன் பெறலாம். பயிர்க் காப்பீடும் இயற்கை இடர் நிவாரணமும் அவருக்கு உண்டு.

5. உடைமையாளரின் இசைவுடன் குத்தகைதாரர் நிலத்தை மேம்படுத்தியிருந்தால், காலம் முடியும்போது பயன் தீராத பகுதிக்கு ஈடு பெறலாம்.

6. தகராறு எழுந்தால் முதலில் நடுவர் அல்லது ஊராட்சி மூலமும், பின்னர் வட்டாட்சியர் நிலையிலும், அதன்பின் சிறப்புத் தீர்ப்பாயத்திலும் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இது மாதிரிச் சட்டமே என்பதை மறக்கலாகாது. அரசியல் சட்டப்படி நிலமும் குத்தகையும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்தும் வரை அங்குப் பழைய சட்டமே செல்லும். நிதி ஆயோக்கின் யோசனையைக் காட்டி எந்தக் குத்தகைதாரரையும் வெளியேற்ற இயலாது.

உடைமையாளருக்கு நன்மையும் பொறுப்பும்

இத்தகைய மாற்றம் சட்டமானால் சிறு உடைமையாளருக்குக் கிடைக்கும் முதல் நன்மை நிச்சயம். மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு என்று கணக்கிட்டு நிலத்தை விடலாம். தரிசு நிலம் வருமானம் தரும். களையும் முட்செடியும் மண்டி, பின்னர் அவற்றை அகற்றும் செலவு மிச்சப்படும். வெளியூரில் வேலை செய்பவர், கணவரை இழந்த பெண், முதியோர், படையில் பணிபுரிபவர் ஆகியோருக்கு இது பெரும் உதவி.

ஆனால் நிச்சயம் கிடைக்கும் இடத்தில் சில பொறுப்புகளும் வந்து சேரும். குத்தகைக்கு உச்ச அளவு இல்லை என்றால் உடைமையாளருக்கு அதிகம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. ஆற்றுப் பாசனமும் குத்தகைக்குக் கேட்போர் கூட்டமும் உள்ள ஊரில் குத்தகை ஏறலாம். மானாவாரிப் பகுதியில் கேட்பார் குறைவாக இருந்தால் குத்தகை இறங்கும். அதிகக் குத்தகை பேசி, ஒரு போகம் பொய்த்ததும் குத்தகைதாரர் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனால் நட்டம் இருவருக்கும்தான். எனவே விளைச்சல் பொய்த்தால் குத்தகையை எவ்வாறு குறைப்பது என்பதை முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது.

மற்றொன்று மண்ணைப் பற்றியது. இன்று பல உடைமையாளர்கள் உரிமை கோரிக்கைக்குப் பயந்து ஆண்டுக்கு ஓர் ஆள் என்று குத்தகைதாரரை மாற்றிக்கொண்டே இருக்கின்றனர். அடுத்த ஆண்டு தமக்கு இல்லை என்று அறிந்தவர் தொழு உரம் அடிக்கமாட்டார். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட்டால் அதன் பயன் ஒரே போகத்தில் தீர்ந்துவிடுவதில்லை. அதைப் பிறருக்காக இட யார் முன்வருவார்? ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுவதும், ஏரி வண்டல் அடிப்பதும், வரப்பை உயர்த்துவதும், வாய்க்காலைத் தூர் வாருவதும் இதே காரணத்தால் நின்றுபோகின்றன. யூரியாவை மட்டும் கொட்டி ஒரு விளைச்சலை எடுத்துக்கொண்டு செல்வதே வழக்கமாகிறது. நிலம் பத்திரமாகத் திரும்பலாம். மண்ணின் வளம் திரும்புவதில்லை.

புதிய சட்டத்திலும் ஓராண்டுக் குத்தகையே எழுதினால் இக்குறை தீராது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் விடுவதே மண்ணுக்கும் உடைமையாளருக்கும் ஏற்றது. நிலத்தை விடும்போது மண் ஆய்வு செய்து, திரும்பப் பெறும்போது மறுபடியும் ஆய்வு செய்து ஒப்பிடலாம். மேம்பாட்டுக்கு ஈடு தரும் விதியையும் உடைமையாளர் சுமையாகக் கருத வேண்டியதில்லை. எந்த வேலைக்கு, எவ்வளவு செலவில் இசைவு தரப்படுகிறது என்று எழுதிக்கொண்டால் பின்னால் தகராறு வராது.

பிற மாநிலங்கள் காட்டும் பாடம்

கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிக்கப்பட்டது. அன்று உழுதவர்கள் நிலம் பெற்றனர். அது பெரும் சமூக மாற்றம். ஆனால் அதன் பின்னரும் நிலத்தை விடுவோரும் எடுப்போரும் இருந்துகொண்டே இருக்கின்றனர். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களே நிலத்தை வாங்கிக் கூட்டுச் சாகுபடி செய்கின்றன. சட்டம் தடுத்தாலும் தேவை நிற்பதில்லை. பேச்சு வாய்மொழியாகிறது, அவ்வளவே.

ஆந்திரப் பிரதேசம் 2011-இல் குத்தகை விவசாயிகளுக்குக் கடன் தகுதி அட்டை வழங்கச் சட்டம் இயற்றியது. 2019-இல் அதற்குப் பதிலாக, உடைமையாளரும் சாகுபடியாளரும் கையொப்பமிடும் பதினோரு மாத ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. உடைமையாளரின் உரிமைக்குப் பாதிப்பில்லை என்று சட்டமே உறுதி கூறியும், கையொப்பமிட உடைமையாளர்கள் தயங்கியதாகவே செய்திகள் வந்தன. நீண்டகால அச்சம் ஒரே சட்டத்தால் போய்விடாது என்பதை இது காட்டுகிறது.

இப்போது செய்ய வேண்டியவை

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் இரு தரப்பும் இப்போதே செய்துகொள்ளக்கூடியவை பல உள்ளன.

முதலாவதாக, ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டமே குத்தகைச் சீட்டை மூன்று பிரதிகளாக எழுதி, ஒன்றை உடைமையாளரும் மற்றொன்றைக் குத்தகைதாரரும் வைத்துக்கொண்டு, மூன்றாவதை வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்வது அவசியம். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, குத்தகை அளவு, செலுத்தும் நாள், கிணறு, மோட்டார், மின் இணைப்பு, மரங்கள் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் குத்தகைதாரரின் உரிமை குறையும் என்று உடைமையாளர் எண்ணுவது தவறு. சாட்சிகளைக் கொண்டும் குத்தகையை மெய்ப்பிக்கலாம். எழுத்து இல்லாததால் பாக்கியை மெய்ப்பிக்க முடியாமல் தவிப்பவர் உடைமையாளரே.

இரண்டாவதாக, குத்தகை வாங்கும்போதெல்லாம் ரசீது தர வேண்டும். ரசீது குத்தகைதாரருக்கு மட்டுமே பாதுகாப்பு என்று கருதலாகாது. நிலம் யாருடையது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மூன்றாவதாக, அரசின் உதவிகளில் எது யாருக்கு என்பதைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உடைமையாளருக்கே உரியது. ஆனால் 2016-இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம். பயிருக்குச் செலவு செய்தவர் பெயரிலேயே காப்பீடு இருக்க வேண்டும். ஒருவர் பயிர் செய்ய, மற்றொருவர் பெயரில் காப்பீடு இருந்தால் வெள்ளம் வந்த ஆண்டில் உறவே முறிந்துவிடும்.

நான்காவதாக, குத்தகைதாரரின் பயிர்க் கடனைக் கண்டு உடைமையாளர் அஞ்ச வேண்டியதில்லை. கிசான் கடன் அட்டை குத்தகைதாரருக்கும் வாரதாரருக்கும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியுள்ளது. நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தும் கடன் பெறலாம். இக்கடன்களுக்கு உடைமையாளரின் நிலம் பிணையாவதில்லை. அவருடைய பட்டாவை ஈடாகக் கேட்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும்.

ஐந்தாவதாக, குத்தகையையும் ஒத்தியையும் குழப்பிக்கொள்ளலாகாது. பெருந்தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும் வரை நிலத்தை அனுபவிக்க விடுவது ஒத்தி அல்லது போக்கியம். அதற்குச் சட்டமும் பத்திரமும் வேறு. கடனுக்கு நிலத்தை விட்டுவிட்டுக் குத்தகை என்று எழுதிக்கொண்டால் இரண்டு தரப்புமே சிக்கலில் மாட்டும்.

ஏற்கெனவே குத்தகையில் உள்ள நிலத்தை மீட்க விரும்புவோர் பயிரை அழிப்பது, தண்ணீர் மடையை அடைப்பது போன்ற செயல்களில் இறங்கக் கூடாது. அது தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்வதாகும். பேசித் தீர்க்க முடியாதபோது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு அங்கு இலவசச் சட்ட உதவி உண்டு. குத்தகைப் பதிவு தொடர்பான விவரங்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நாளை சட்டம் மாறினாலும், நிலத்தை எழுத்தில் விட்டு, ரசீது கொடுத்து, மண்ணைப் பேணும் குத்தகைதாரரைத் தேர்ந்தெடுத்த உடைமையாளருக்கு எந்தச் சட்டத்திலும் இழப்பு இல்லை. வாய்மொழியை நம்பி ஆண்டுக்கு ஓர் ஆளை மாற்றுபவருக்கு எந்தச் சட்டத்திலும் நிம்மதி இல்லை. அடுத்த பட்டத்துக்கு நிலத்தை விட எண்ணியுள்ள உழவர் பெருமக்கள், விதைப்புக்கு முன்பே குத்தகைச் சீட்டை எழுதி முடித்துக்கொள்வது நலம்.